வெள்ளிக் காசில் படிந்த மூச்சு

கண்ணாடிக்காரர் அந்த வீட்டு வாசலில் குடையை மடக்கி உதறியபோது மதியச் சாப்பாட்டு நேரம் அப்போதுதான் தாண்டியிருந்தது. ஆனாலும் மழை மூட்டத்தில் தெரு முழுக்க அந்தி போல மங்கிக் கிடந்தது. அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே மணி அடித்து ஓய்ந்த பிறகும் கதவு திறக்கவில்லை. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் மட்டும் கேட்டது. சரி, இறங்கி வரட்டும் என்று காத்து நின்றார்.

கதவைத் திறந்த கொழுந்தியாள் மாடியிலிருந்து வரவில்லை. சமையலறையிலிருந்து வந்திருந்தாள். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "வாங்க அத்தான். நல்லா நனைஞ்சுட்டீங்களே. அக்கா வரலையா?" என்றாள்.

"அவளுக்குத் தலைவலி. மாடியில யாரும்மா?"

"மாடியிலயா? யாருமில்லையே. வீட்ல நான் மட்டும்தான்." சொல்லிவிட்டு அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "ஏன் அத்தான், ஏதாவது கேட்டுச்சா?"

"சும்மா கேட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பரிசோதனையும் அவரே செய்வார். அதனால் ஊருக்கு அவர் கண்ணாடிக்காரர். கொழுந்தியாளின் கணவர் பல் டாக்டர். அக்காவை இவரும் தங்கையை அவரும் கட்டிய வகையில் இருவரும் சகலைகள். பல் டாக்டர் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாடி அறையில், காசு மேசைக்கு முன்னால், லென்ஸில் கண் வைத்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். மேசை விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம்.

பழங்காசு சேர்க்கும் பித்தை அவருக்குத் தொற்ற வைத்ததே கண்ணாடிக்காரர்தான். கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த சகலைக்கு, பேச விஷயம் எதுவும் கிடைக்காமல், தன் காசுப் பெட்டியைத் திறந்து காட்டினார். பச்சைக் களிம்பு ஏறிய செப்புக் காசு ஒன்றை உள்ளங்கையில் வைத்து, "கனத்தைப் பாருங்க சகலை. எந்தக் காலத்துலயோ யாரோ சந்தையில இதைக் கொடுத்து எதையோ வாங்கியிருப்பான். அவன் எலும்புகூட மிச்சமில்ல. இது மட்டும் உங்க கையில இருக்கு" என்றார். டாக்டர் அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது சொந்தமாகப் பத்துக் காசுகளோடு வந்தார்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் வருஷக் கணக்கில் தேடிய காசெல்லாம் டாக்டரின் இழுப்பறைக்குள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தது. எல்லாவற்றையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பொறுக்க முடியாமல் போனது அந்த வெள்ளிக் காசு விஷயத்தில்தான்.

அதை முதலில் பார்த்தது கண்ணாடிக்காரர். பழம்பொருள் கடையில், உடைந்த கைக்கடிகாரங்களுக்கு நடுவே கிடந்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. ஒரு பக்கம் பெண்ணின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் ஒரு காலைத் தூக்கி நிற்கும் கொக்கு. எந்த அரசி, எந்த தேசம் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை வருகிறேன், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் சகலைக்கு போன் செய்து அந்த முகத்தை அணு அணுவாக வர்ணித்தார்.

திங்கட்கிழமை போனபோது காசு இல்லை.

அன்று மாலையே டாக்டர் இவர் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பஞ்சுப் பொதியை எடுத்துப் பிரித்து, "இதைத்தானே சொன்னீங்க சகலை?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் சிரித்தார். "அட, நீங்களே வாங்கிட்டீங்களா? நல்லதாப் போச்சு. வீட்டுக்குள்ளதானே இருக்கு" என்றார். அன்று வயிற்றில் பற்றியது அதற்குப் பிறகு அணையவே இல்லை.

"எல்லாம் மாடியிலதான் இருக்கு அத்தான்" என்று கொழுந்தியாள் சாவியை நீட்டினாள். "எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. எது நல்லது, எது சும்மான்னு நீங்கதான் பிரிச்சுக் கொடுக்கணும். வித்துடலாம்னு இருக்கேன்."

அவள் மாடிக்கு வரவில்லை. படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டாள்.

மாடி அறை பூட்டிக் கிடந்த அறை மாதிரி இல்லை. தூசி வாடை இல்லை. கிராம்புத் தைல வாசம் இருந்தது. டாக்டரின் விரல்களில் எப்போதும் ஒட்டியிருந்த, பல் ஆஸ்பத்திரி வாசம். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. மேசை மேல் வளைகழுத்து விளக்கு, அதன் தலையில் வட்ட லென்ஸ். நாற்காலி மேசையை ஒட்டி, யாரோ இப்போதுதான் உட்கார்ந்து சரிசெய்துகொண்டது போல இழுத்துப் போடப்பட்டிருந்தது.

அவர் இழுப்பறைகளைத் திறந்தார். கருநீல வெல்வெட் குழிகளில் காசுகள் உறங்கின. ஓரம் உடைந்தவை, பாதி முகம் தேய்ந்தவை, மண்ணுக்குள் கிடந்து ஆலிவ் பச்சையாகிப் போனவை. எல்லாவற்றையும் பார்த்துத் தனித்தனியாக வைத்தார். ஆனால் கை மட்டும்தான் வேலை செய்தது. கண் கடைசி இழுப்பறை மேலேயே இருந்தது.

அதற்குள் ஒரே ஒரு குழி. ஒரே ஒரு காசு.

விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். நூற்றாண்டுகள் அதன் மேல் மழை மேகத்தின் கருமையைப் பூசியிருந்தன. விளிம்பில் அந்தக் கருமை நீலமாகவும், பிறகு ஈரச் சாலையில் சிந்திய எண்ணெய் போல இளஞ்சிவப்பாகவும் மாறியது. அச்சு கொஞ்சம் கோணலாக விழுந்திருந்ததால் அவள் கொண்டை விளிம்புக்கு வெளியே போய்விட்டது. நெற்றியில் கட்டிய நாடா, கூரான மூக்கு, உதட்டோரத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சிரிப்பு. செதுக்கியவன் அவளை நேரில் பார்த்திருக்க வேண்டும். அவளை விரும்பியிருக்கவும் வேண்டும்.

'நான் பார்த்தவ நீ. என்னைத்தான் முதல்ல பார்த்தே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

திரும்பினார். கதவு திறந்திருந்தது. படிக்கட்டு காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழைத் தண்ணீர் குழாயில் களகளத்து இறங்கியது. அதுவாகத்தான் இருக்கும்.

கீழே வந்து தட்டுகளை மேசையில் பரப்பினார். "இதெல்லாம் நல்ல காசும்மா. நல்ல விலை போகும். நானே ஆள் பார்த்துத் தரேன்." பிறகு, குரல் மாறாமல் பார்த்துக்கொண்டு, வெள்ளிக் காசை ஒதுக்கி வைத்தார். "இது மட்டும் போலி."

"போலியா?" கொழுந்தியாள் காசைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். "அவர் அதைத்தானே உயிரா வெச்சிருந்தார்?"

"பாவம், ஏமாந்துட்டார். இப்பல்லாம் அச்சு அசலா வார்த்துடறாங்க. பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்ல."

அவள் அலமாரியிலிருந்து பஞ்சை எடுத்து, காசை விரலால் தொடாமலே சுருட்டி, அவர் கையில் திணித்தாள். "அப்போ நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க அத்தான். அவர் ஞாபகமா வெச்சுக்குங்க. இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அவள் மாடி அறையில் இருந்தாள். கொட்டுகிற மழையில், ஜன்னல்களை ஒவ்வொன்றாக அகலத் திறந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைத் தாழிட்டார். தன் காசுப் பேழையின் நடுக்குழியில் அவளை வைத்தார். விளக்கைப் போட்டு, லென்ஸைக் கண்ணில் பொருத்தி, குனிந்தார். எத்தனை வருஷத்து ஏக்கம்!

நாடா தெரிந்தது. மூக்கு தெரிந்தது. சிரிப்பை எட்டுவதற்குள் லென்ஸ் மங்கியது.

மூச்சுக் காற்று பட்டுவிட்டதாக்கும் என்று துணியால் துடைத்தார். குனிந்தார். மறுபடியும் மங்கியது. இந்த முறை மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தார்.

அப்படியும் மங்கியது.

லென்ஸைத் திருப்பிப் பார்த்தார். ஈரம் அவர் பக்கத்தில் இல்லை. காசின் பக்கத்தில் இருந்தது.

கதவைத் தட்டிய மனைவி, அவர் தாழை நீக்கியதும் உள்ளே வந்து மூக்கைச் சுளித்தாள். "என்னங்க இது, அறை பூரா கிராம்பு வாடை? பல்லு வலியா?"

"இல்லையே."

அவள் கேட்ட பிறகுதான் அது தெரிந்தது. வலது பக்கக் கடைவாயில், எலும்புக்குள்ளிருந்து, மெல்லிய நூல் இழை மாதிரி ஒரு வலி.

அடுத்தடுத்த நாட்களில் அவர் எல்லா லென்ஸையும் வைத்துப் பார்த்துவிட்டார். வெறுங்கண்ணால் பார்த்தால் காசின் மேலேயே பனி படர்ந்தது. மற்றக் காசுகளெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அவள் முகத்துக்கு மட்டும் யாரோ திரை போட்டுவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கண் தெரிய வைப்பவருக்கு, தன் கைக்குள் இருப்பதைப் பார்க்க முடியவில்லை. பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. 'செத்தும் விடமாட்டேங்கறாரே மனுஷன்' என்று ஒரு நாள் வாய்விட்டே சொன்னார். சொன்ன மறுகணம் பல் சுண்டி இழுத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடையில் கண்ணுக்குள் பார்க்கும் பெரிய கருவி ஒன்று இருந்தது. சோதிக்க வந்தவர் ஒரு பக்கம் உட்கார்ந்து தாடையைத் தாங்கியில் வைப்பார். கண்ணாடிக்காரர் எதிர்ப்பக்கம் இரட்டைக் குழாயில் பார்ப்பார். கருவிழியின் இழை இழையாக, மணல் பரப்பு மாதிரி பெரிதாகத் தெரியும். மதிய இடைவேளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தாங்கியில் சுத்தமான காகிதம் போட்டு, அதற்கு மேலுள்ள கம்பியில் காசை ஒட்டி நிறுத்தினார். இந்தக் கருவியில் மூச்சு பட வழியில்லை. விளக்கைக் குறுக்கினார். பார்த்தார்.

தெரிந்தது.

எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது! முடிக் கற்றையில் உளி போன தடம். காது மடலில் கடுகு போல ஒரு தோடு. உதட்டோரச் சிரிப்பு இருக்கத்தான் செய்தது. அவர் கண் கலங்கிவிட்டது. 'வந்துட்டியா' என்று முனகினார்.

காசுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

குழாயைத் திருகித் தூரத்தைக் கூட்டினார். வெள்ளியின் விளிம்பு கலைந்தது. அதற்கு அப்பால் ஓர் ஈரப் பளபளப்பு திரண்டு உருண்டது.

கண்.

மனிதக் கண். தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்தவர்களின் கண் எவ்வளவு அருகில் தெரியுமோ, அவ்வளவு அருகில். பழுப்புக் கருவிழி. அதன் இடது கீழ் ஓரத்தில் துரு மாதிரி ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளியை அவருக்குத் தெரியும். சகலைக்கு வருஷா வருஷம் கண்ணாடி மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். "மச்சம்தான் சகலை, பயப்படாதீங்க" என்று சொன்னவரும் அவர்தான்.

அந்தக் கண் அவரைப் பார்க்கவில்லை. சற்றே தாழ்ந்து, இமைக்காமல், காசைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எதிர் நாற்காலியில் யாருமில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நல்ல வெயில். ஜனங்களின் கால்கள் போய்க்கொண்டிருந்தன. தாங்கியில் போட்ட காகிதம் மட்டும், ஒரு தாடை அழுத்திய குழிவோடு, நனைந்து கிடந்தது.

அன்றே அதைத் தூக்கியெறிந்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் எறிந்திருப்பார்கள். கண்ணாடிக்காரருக்குத் தோன்றியதோ வேறு. 'இந்த ஆள் இன்னமும் பார்க்கிறார். நான் பார்க்கிறதை விட நல்லாப் பார்க்கிறார்.' நடுக்கத்துக்கு நடுவிலும் அந்த எண்ணம் நெஞ்சைக் காந்தியது. காசைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். அடுத்த அறையில் மனைவி யாரோடோ போனில் பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பேச்சுக்கு அடியில், எங்கோ ஒரு பூச்சி ரீங்கரிப்பது போல ஆரம்பித்த சத்தம் மெல்ல மெல்லக் கூர்மையானது. பல் ராவும் இயந்திரத்தின் சத்தம். எழுந்திருக்க நினைத்தார். முடியவில்லை. கிராம்பு வாசமடிக்கும் குளிர்ந்த விரல் ஒன்று அவர் உதட்டோரத்தைப் பிடித்து, மிகவும் பழக்கமான, பொறுமையான அழுத்தத்தோடு, இழுத்தது.

"வாயைத் திறங்க சகலை. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்."

விழித்தபோது வாய் நிறைய வெள்ளியின் கசப்பு.

துப்பினார். உள்ளங்கையில் கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. நாக்கால் துழாவினார். வலித்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் இல்லை. அங்கே வழவழவென்று ஒரு குழி. ரத்தம் இல்லை, வலியும் இல்லை. கைதேர்ந்தவர் எடுத்த வேலை.

தள்ளாடி எழுந்து காசுப் பேழையைத் திறந்தார்.

நடுக்குழியில், வெல்வெட்டின் மேல், வேரோடு அவர் பல் இருந்தது.

முகத்தைக்கூடக் கழுவாமல் கொழுந்தியாள் வீட்டுக்கு ஓடினார். அவள் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு முன் பார்த்தவளா என்று சந்தேகமாக இருந்தது. முகத்தில் தெளிச்சி. தலையில் எண்ணெய் வைத்துப் படியச் சீவியிருந்தாள். அவர் பஞ்சுப் பொதியை நீட்டியதும் இரண்டடி பின்வாங்கினாள்.

"அதை இங்க கொண்டு வராதீங்க அத்தான்."

"போலின்னு சொன்னது பொய்யும்மா. நல்ல காசுதான். உனக்குச் சேர வேண்டியது. வாங்கிக்கோ."

"பொய்னு தெரியும்."

கண்ணாடிக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"நீங்க அதைப் பார்த்த பார்வை இருக்கே, அது அப்படியே அவரோட பார்வை. போலியை யாரும் அப்படிப் பார்க்க மாட்டாங்க." அவள் குவளையைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசவில்லை. ரொம்ப நாளாகச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "கல்யாணமான புதுசுல என் முகத்தை இப்படிக் கையில ஏந்தி, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பார். அப்புறம் அவ வந்தா. சாயங்காலமானா மாடிதான். நான் ஒருத்தி கீழ இருக்கேங்கறதே மறந்து போச்சு."

"அம்மாடி, நான்…"

"அவர் போனப்புறம் மாடியில நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுச்சு. எனக்குப் பயமே வரல. எனக்காகத்தான் வந்திருக்கார்னு நினைச்சேன். டீ போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்துல வெச்சேன். நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுட்டு வருவேன், நான் வந்தா என் முகத்தைப் பார்க்கட்டும்னு. மறுபடி போய்ப் பார்த்தா அது மேசையைப் பார்த்துத் திரும்பியிருக்கும்." அவள் உதடு லேசாகக் கோணியது. "செத்ததுக்கப்புறமும் அவதான். டீ மேல ஆடை கட்டிக் கிடக்கும்."

"இப்போ?"

"நீங்க எடுத்துட்டுப் போன அன்னிக்கே சத்தம் நின்னு போச்சு. நிம்மதியாத் தூங்கறேன்." அவள் வாசல் படியேறினாள். "அவளைத்தானே கேட்டீங்க. கொடுத்துட்டேன். கூட வந்தவரையும் நீங்களே வெச்சுக்குங்க."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ஆற்றில் வீசிவிடலாம் என்று பாலம்வரை போனார். கை வரவில்லை. வலைபோடுகிற எவனாவது ஒருவன் எடுத்துவிட்டால்? அவன் அவளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்? பழம்பொருள் கடைக்காரரிடமே விற்றுவிடலாம் என்றால், வாங்குகிறவன் முகம் மனக்கண்ணில் வந்து நின்றது. கடைசியில் நகர அருங்காட்சியகம்தான் சரி என்று முடிவு செய்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பார்கள். எல்லோரும் பார்க்கலாம், யாருக்கும் சொந்தமில்லை. செத்தவருக்கும்தான்.

அருங்காட்சியகக் காப்பாளர் நடுவயதுப் பெண். காசைக் கையுறையோடு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதை எங்களுக்கு இலவசமாவா கொடுக்கறீங்க? சார், இந்த மாதிரி நிறம் ஏறின வெள்ளியை நான் பார்த்ததே இல்ல. யாரோட சேகரிப்புன்னு அட்டையில போடணும். உங்களோடதுதானே?"

கண்ணாடிக்காரர் ஒரு கணம் தயங்கினார்.

"என்னோடதுதான். பேரைக் கொட்டை எழுத்துல போடுங்க."

அன்று முதல் கிராம்பு வாசம் இல்லை. ஈறு ஆறியது. கடைக் கருவியில் எல்லோர் கண்ணும் அவரவர் கண்ணாகவே தெரிந்தது. பழைய காசுகளை எடுத்துப் பார்த்தால் லென்ஸ் மங்கவில்லை. மனைவியோடு கடைத்தெருவுக்குப் போனார், சிரித்துப் பேசினார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தார்.

ஆனால் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு முறை.

வேலைநாளின் முற்பகலில் போனார். கூட்டமில்லை. நீளமான கூடம், உயர்ந்த ஜன்னல்கள், சாய்வாக விழும் வெயில். ஓரத்தில் நீலச் சீருடைக் காவலாளி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் தனிக் கண்ணாடிப் பெட்டி. அடியில் சிறு விளக்கு. அட்டையில் கொட்டை எழுத்தில் அவருடைய பெயர்.

குனிந்தார்.

எந்தத் திரையும் இல்லை. நெற்றி நாடா, மூக்கு, காதில் கடுகுத் தோடு, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. நீலமும் இளஞ்சிவப்பும் விளிம்பில் மூச்சு விடுவது போல மின்னின. வாழ்நாளில் முதல் முறையாக அவளும் அவரும் தனியாக இருந்தார்கள். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. வெயில் தரையில் நகர்ந்து போயிருந்தது.

"சார்."

காவலாளி பக்கத்தில் வந்து நின்றிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னார்.

"கொஞ்சம் நகர்ந்துக்குறீங்களா? பின்னாடி ஒருத்தர் ரொம்ப நேரமா நிக்கறார். எட்டி எட்டிப் பார்க்கறார், பாவம்."

கண்ணாடிக்காரர் திரும்பினார்.

கூடம் காலியாக இருந்தது.

"எங்க?" என்றார்.

காவலாளி அவரைச் சட்டை செய்யவில்லை. அவர் தோளுக்குச் சற்று மேலே, உயரமான ஆளின் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துப் புன்னகைத்து, "வாங்க சார், இப்ப நீங்க பாருங்க" என்றார். கண்ணாடிக்காரரின் முழங்கையை மெல்லப் பிடித்து ஒதுக்கிவிட்டு, தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கால்கள் தானாக வாசலை நோக்கி நடந்தன. ஆனாலும், ஓடவேண்டிய அந்த நேரத்திலும், அடிவயிற்றில் அந்தப் பழைய நெருப்பு எழுந்தது. 'காவலாளிக்குக்கூடத் தெரிகிறார். எனக்கு மட்டும் தெரியவில்லை. அவளோடு அவர் தனியாக நிற்கிறார்.' வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

அப்போது கூடத்தின் மறுகோடியிலிருந்து தோளில் பை மாட்டிய ஓர் இளம்பெண் வந்தாள். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே நடுப்பெட்டியை நெருங்கினாள். குனியப் போனவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க. கவனிக்கல. நீங்க பார்த்து முடிங்க" என்றாள்.

ஓரடி பின்னால் நகர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தன் முறைக்காகக் காத்து நின்றாள்.